உருகாத கல்லும் தளரும்

“சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது” என்பது தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. உறவின் இயல்பைச் சுட்டவே அது வழங்குகின்றது. ஆயினும் மண்ணைக் கையாண்டவர் கண்டறிந்த உண்மையொன்றும் அதனுள் அடங்கியிருக்கின்றது. பச்சைக் களிமண்ணை விரலால் அழுத்தினால் குழைந்து கொடுக்கும். விரல் பதிந்த வடிவம் அப்படியே நிற்கும். அதே மண்ணைச் சூளையிலிட்டுச் சுட்டபின் அழுத்தினால் வளையாது. அளவு கடந்து அழுத்தினால் உடையும். முன்னது குழைவது, பின்னது நொறுங்குவது.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாம் நிலை ஒன்றும் உண்டு. சுட்ட மண்ணை மீண்டும் கடுந்தீயில் நிறுத்தி, அதன் தலைமேல் சுமையையும் ஏற்றிவைத்தால், அது உருகாமலும் உடையாமலும், கண்ணுக்குப் புலப்படாத மெதுவோடு தளரத் தொடங்கும். தீயைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட கல்லும் இதற்கு விலக்கன்று. இந்த மூன்றாம் நிலையை அறியாமல் உலை கட்டுவோர், நல்ல கல் என்று நம்பி வாங்கியதே இடிந்து விழக் காண்பர்.

தோட்டத்து உலைகள்

மலேசியாவின் வட சிலாங்கூர்ப் பகுதி இதனை விளக்கத் தக்க இடம். சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் கோல சிலாங்கூரிலிருந்து கிழக்கே புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று உள்நாடு நோக்கிச் செல்லும் நிலப்பரப்பு, பல தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் உழைத்த தோட்ட நிலம். பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு, இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. நட்டவர் ஆன்றி போக்கோன்யே என்னும் பிரெஞ்சுக்காரர்; பின்னர் மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. செம்பனைக்குப் புகழ்பெற்ற அத்தோட்டத்தின் பெயரில் தமிழரின் தென்னைமரம் ஒலிப்பது ஒரு சுவையான முரண்.

பால்மரக் காலத்தில் தோட்டங்களில் இருந்த முதன்மையான உலை புகைக்கூடத்து அடுப்பு. ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் அக்கூடத்தின் சூடு 60 பாகை செல்சியசு அளவோடு நின்றுவிடும். அடுப்பைச் சாதாரணச் செங்கல்லால் கட்டினாலும் பெரிய கேடு விளைவதில்லை. அத்தகைய செங்கல்லுக்கு இப்பகுதியில் பஞ்சமும் இருந்ததில்லை. ஈஜோக்கை அடுத்த பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டிய மலாயன் காலியரீஸ் நிறுவனமே செங்கல் தொழிலையும் நடத்தியது. அந்நிலக்கரிச் சுரங்கம் 1960ஆம் ஆண்டு மூடப்பட்டது.

1960-களுக்குப்பின் பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை பரவியது. செம்பனையோடு எண்ணெய் ஆலைகளும், ஆலைகளோடு பெரிய கொதிகலன்களும் பெருகின. உலையின் இயல்பே மாறிவிட்டது. வெட்டிய குலை ஆலைக்கு வந்ததும் முதலில் நீராவியில் வேகவைக்கப்படும். பிறகு காய் உதிர்க்கப்பட்டு, பிழியப்பட்டு, எண்ணெய் எடுக்கப்படும். நூறு கிலோ குலையில் எண்ணெய் இருபது கிலோ அளவே கிடைக்கும். பிழிந்தபின் எஞ்சும் நார் பதின்மூன்று கிலோ அளவும், கொட்டையின் ஓடு ஆறு கிலோ அளவும் இருக்கும். இந்த நாரும் ஓடுமே கொதிகலனுக்கு விறகு. ஆலை தன் கழிவையே எரித்துத் தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் ஆக்கிக்கொள்கின்றது.

அந்தக் கொதிகலனின் எரியறையில் தீயின் சூடு ஆயிரம் பாகையை ஒட்டி நிற்கும். புதுவகைக் கொதிகலன்களில் நீர்க்குழாய்களே சுவரின் பெரும்பகுதியை மூடிக்கொள்கின்றன. ஆயினும் எரிதட்டை அடுத்த கீழ்ச்சுவர், வாயிலின் மேல்வளைவு, தீயைத் திருப்பிவிடும் தடுப்பு முதலிய இடங்களில் தீச்செங்கல்லே நிற்கின்றது. ஆலைகளில் ‘ஃபயர் பிரிக்’ என்று வழங்கப்படும் வெளிர்மஞ்சள் நிறக் கல் அது. அந்தக் கல் தளர்ந்து வளைவு இறங்கினால் ஆலை நிற்கும். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் தாழும். நெருப்பை அணைத்து, அறை ஆறும்வரை காத்திருந்து, சாம்பல் படிந்த அந்தக் குகைக்குள் மனிதர் நுழைந்து கல்லைப் பெயர்த்துக் கட்டவேண்டும். தலைக்குமேல் தளர்ந்து தொங்கும் மற்ற கற்களின் கீழேதான் அந்த வேலை நடைபெறும். ஆதலின் கல்லின் தளர்ச்சி கொதிகலன் அருகே நிற்பவரின் உயிரையும் சார்ந்த செய்தியாகும்.

தகைவும் திரிபும்

ஒரு பொருளின்மேல் சுமை ஏறும்போது, அதன் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டர் பரப்பும் தாங்கும் பங்கு தகைவு எனப்படும். அத்தகைவினால் பொருளின் நீளம் எத்தனை விழுக்காடு மாறுகின்றதோ அது திரிபு எனப்படும். சுமையை நீக்கியதும் திரிபு முழுதும் மறைந்து பழைய வடிவம் மீளுமாயின் அது மீள்திரிபு. மறையாமல் நிலைத்துவிடுமாயின் அது நிலைத்திரிபு. சுமை கூடாமலே, காலம் செல்லச் செல்ல வளர்ந்துகொண்டே போகும் நிலைத்திரிபை ஊர்வு என்னும் சொல்லால் குறிக்கலாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். இங்கே ஊர்வது கல்லேதான்.

குளிர்ந்த தீச்செங்கல்லின் வலிமை வியப்பூட்டுவது. நல்ல கல் சதுர செண்டிமீட்டருக்கு 200 கிலோகிராமும் அதற்கு மேலும் தாங்கும். அதன் அடர்த்தி ஏறத்தாழ நீரைப்போல் இருமடங்கு. எனவே ஒரு சதுர செண்டிமீட்டர் அடியும் பத்து மீட்டர் உயரமும் உள்ள கல்தூண் இரண்டு கிலோகிராம் எடையிருக்கும். இக்கணக்கின்படி, அடிக்கல் நொறுங்குவதற்குத் தன்மேல் தன்னினமான கற்களையே ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு அடுக்க வேண்டும். எந்த ஆலைச் சுவரும் அதில் நூறில் ஒரு பங்கு உயரமும் இருப்பதில்லை. அவ்வாறாயின் சுவர் எப்படித் தளர்கின்றது? விடை கல்லின் உள்ளமைப்பில் இருக்கின்றது.

குளிர்ந்தபோது நொறுங்குவது ஏன்?

இரும்புக் கம்பியை வளைக்கலாம். மண்பாண்டத்தை வளைக்க முடியாது. இரும்பின் படிகங்களில் அணுக்களின் வரிசைகள், பிணைப்பு அறாமலே ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல வழியுண்டு. சுடுமண் வகைப் பொருள்களில் அணுக்கள் மின்னேற்றத்தாலும் எதிர்மின்னிப் பகிர்வாலும் இறுகப் பிணைந்துள்ளன. ஒரு வரிசை வழுக்குமாயின் ஒத்த மின்னேற்றங்கள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளும். ஆதலின் வழுக்குதல் அரிதாகின்றது. இடங்கொடுக்க முடியாத பொருள், தகைவு மிகும்போது பிளப்பது ஒன்றையே அறியும்.

அப்பிளவு எங்கே தொடங்குகின்றது என்பதைப் பிரிட்டனின் கிரிஃபித் என்னும் பொறியியலறிஞர் 1921இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். கண்ணாடி போன்ற பொருள்களில் நுண்ணிய வெடிப்புகள் முன்பே உள்ளன. இழுவை ஏற்படும்போது வெடிப்பின் நுனியில் தகைவு பன்மடங்காகக் குவிகின்றது. அங்கிருந்து பிளவு ஓடுகின்றது. அழுத்தம் ஏற்படும்போதோ பெரும்பாலான வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. இதனாலேயே சுடுமண் இழுவைக்கு அஞ்சுகின்றது. அழுத்தத்தைத் துணிவோடு ஏற்கின்றது. உலைக் கூரையைத் தட்டையாக வேயாமல் வளைவாகக் கட்டுவதன் நுட்பமும் இதுவே. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குகின்றதேயன்றி இழுப்பதில்லை.

கல்லின் உள்ளே கண்ணாடி

தீச்செங்கல்லுக்கு மூலப்பொருள் தீக்களிமண். அதன் உயிர்ப்பகுதி கயோலினைட்டு என்னும் கனிமம்; அலுமினாவும் சிலிக்காவும் நீரும் சேர்ந்தது. அதைச் சூடேற்றினால் 500 முதல் 600 பாகைக்குள் பிணைப்பு நீர் வெளியேறும். 1000 பாகையைக் கடந்தபின், ஊசி ஊசியாகப் புதிய படிகங்கள் முளைத்து வளரும். இப்படிகத்துக்கு முல்லைட்டு என்று பெயர். தமிழ் முல்லைக்கும் இதற்கும் உறவில்லை. ஸ்காட்லாந்தின் மல் தீவில் இயற்கையாகக் கிடைத்தமையால் வந்த பெயர் அது. முல்லைட்டின் உருகுநிலை ஏறத்தாழ 1850 பாகை.

முல்லைட்டு ஆனபின் எஞ்சிய சிலிக்காவின் ஒரு பகுதி, மண்ணிலுள்ள இரும்பு, சுண்ணாம்பு, காரம் முதலிய மாசுகளோடு கலந்து கண்ணாடியாகின்றது. ஆகவே தீச்செங்கல் ஒரே பொருளன்று. முல்லைட்டு ஊசிகளும் பிற படிகமணிகளும் கண்ணாடியில் பதிந்து நிற்கும் ஒரு கூட்டு. வீடு கட்டும் செங்கல்லில் மாசு மிகுதி. அதன் செந்நிறமே இரும்பின் அடையாளம். அதனாலேயே அது விரைவில் தளர்கின்றது. தீச்செங்கல்லில் மாசு குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை.

கண்ணாடிக்குத் திட்டமான உருகுநிலை கிடையாது. பனிக்கட்டிபோல் ஒரே சூட்டில் அது நீராவதில்லை. சூடு ஏற ஏற வெல்லப்பாகுபோல் சிறிது சிறிதாக இளகும். கல் வெளிப்பார்வைக்குத் திண்மையாகவே இருக்கும். உள்ளே படிகங்களுக்கிடையிலுள்ள கண்ணாடிப் படலம் இளகி மெழுகாய் இருக்கும். மேலே சுமை இல்லையேல் ஒன்றும் நேராது. சுமை இருந்தால் படிகங்கள் அந்தப் படலத்தின்மேல் மெல்ல வழுக்கும், இடைவெளிகள் நெரியும், கல் குறுகும். சுமையை நீக்கினாலும் குறுகியது மீளாது. இதுவே ஊர்வு.

இந்த ஊர்வு மூன்று கட்டமாக நடைபெறும். முதலில் விரைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறையும். பிறகு நீண்ட காலம் ஒரே சீராகச் செல்லும். இறுதியில் உள்ளே சிறுதுளைகள் பெருகி, ஊர்வு விரைந்து, கல் முறியும். சூட்டின் செல்வாக்கு இதில் மிகப் பெரிது. தளரும் எல்லையில் நிற்கும் கல்லுக்கு மேலும் ஐம்பது பாகை சூடு ஏறினால் ஊர்வின் வேகம் இருமடங்குக்கு மேலும் ஆகலாம்.

கண்ணாடியே இல்லாத தூய சுடுபொருளும் ஊர்வதுண்டு. கடுஞ்சூட்டில் அணுக்கள் தம் இடம்விட்டு இடம் நகர்கின்றன. அழுத்தப்பட்ட பக்கத்திலிருந்து அழுத்தமில்லாப் பக்கத்துக்கு அவை குடிபெயர்வதால் படிகமணியின் வடிவமே மாறுகின்றது. இதனை நபாரோ 1948இலும், ஹெர்ரிங் 1950இலும் விளக்கினர். அணுக்கள் மணிகளின் எல்லை வழியாகவும் செல்லும் என்பதைக் கோபிள் 1963இல் காட்டினார். முதல் வகையில் மணியின் விட்டம் இருமடங்கானால் ஊர்வு நான்கில் ஒன்றாகும். இரண்டாம் வகையில் எட்டில் ஒன்றாகும். ஆதலின், குளிர்ந்த நிலையில் நுண்மணிப் பொருளே வலியது; கடுஞ்சூட்டில் பருமணிப் பொருளே வலியது. ஒரு நிலையில் வலிமை தரும் குணமே மறு நிலையில் வலிமையைக் குறைக்கின்றது.

மூன்று கற்களின் சோதனை

கல் எவ்வளவு தீயைத் தாங்கும் என்பதை அளக்கும் பழைய முறை கூம்புச் சோதனை. ஜெர்மானிய அறிஞர் செகர் 1886இல் வகுத்த முறை அது. கல்லைப் பொடித்துச் சிறு கூம்பாக்கி, அளவறிந்த கூம்புகளோடு உலையில் நிறுத்துவர். எதனோடு சேர்ந்து அதன் நுனி வளைந்து தலைசாய்கின்றது என்று பார்ப்பர். நல்ல தீச்செங்கல்லின் கூம்பு 1700 பாகை அளவில்தான் சாயும்.

இச்சோதனையில் கூம்பு தன் எடையைத் தவிர வேறு எதையும் சுமப்பதில்லை. உலையிலுள்ள கல்லோ ஒருபோதும் சும்மா நிற்பதில்லை. இக்குறையை நீக்க எழுந்ததே சுமையேற்றிய சோதனை. ஐந்து செண்டிமீட்டர் உயரமுள்ள துண்டின்மேல், சதுர செண்டிமீட்டருக்கு இரண்டு கிலோகிராம் வீதம் சுமை வைத்துச் சூட்டைப் படிப்படியாக ஏற்றுவர். துண்டின் உயரம் அரை விழுக்காடு, அதாவது கால் மில்லிமீட்டர், குறைந்த சூட்டைக் குறித்துக்கொள்வர். இரண்டு கிலோகிராம் என்பது, மேலே கணக்கிட்டபடி, பத்து மீட்டர்ச் சுவரின் சுமை.

சுமை இல்லாதபோது 1700 பாகை தாங்கிய தீச்செங்கல், இச்சோதனையில் 1300 முதல் 1450 பாகைக்குள்ளேயே தளர்ந்துவிடுகின்றது. குளிர்ந்தபோது ஆயிரம் மீட்டர்ச் சுவரைத் தலையில் தாங்கவல்ல கல், கடுந்தீயில் பத்து மீட்டர்ச் சுவருக்கே பணிந்துபோகின்றது. அது உருகும் சூட்டுக்கும் தளரும் சூட்டுக்கும் இடையே முந்நூறு பாகை வேறுபாடு.

சிலிக்காக் கல்லின் கதை வேறு. அதன் உருகுநிலை தீச்செங்கல்லினதை ஒட்டியதே. ஆனால் அதன் படிகங்கள் விரல் கோத்தாற்போல் ஒன்றோடொன்று பின்னி நிற்பதால், 1650 பாகை அளவுவரை சுமையை அசையாது தாங்கும். பிறகு திடீரென்று சரியும். அப்படியாயின் செம்பனை ஆலைக்கும் அதையே பயன்படுத்தலாகாதோ எனின், ஆகாது. சிலிக்காவின் படிகங்கள் 600 பாகைக்குக் கீழ்ச் சூடேறும்போதும் ஆறும்போதும் திடீரெனப் பருமன் மாறும் இயல்பின. நெருப்பை அடிக்கடி அணைத்து மூட்டும் உலையில் அது வெடித்துச் சிதறும். ஆண்டுக்கணக்கில் அணையாத கற்கரி உலைகளே அதற்கு ஏற்ற இடம்.

மூன்றாவது மாக்னசைட்டுக் கல். தமிழகத்தின் சேலத்தில் வெட்டியெடுக்கப்படும் வெண்கல்லைச் சுட்டுப் பெறும் மக்னீசியாவால் ஆனது. எஃகு உலைகளின் உட்புறத்தை மூடப் பயன்பட்டது. மக்னீசியாவின் உருகுநிலை 2800 பாகை. ஆனால் மணிகளைப் பிணைத்து நிற்கும் சிலிக்கேட்டுப் படலம் 1500 பாகையை ஒட்டியே இளகிவிடுவதால், பழைய வகைக் கற்கள் சுமையின்கீழ் அச்சூட்டிலேயே சரிந்தன. செங்கல் எத்தனை உயர்ந்ததாயினும் காரை கெட்டால் சுவர் நிற்காது. கல்லுக்குள்ளும் அதே நியதி.

இச்சோதனையிலும் ஒரு குறை உண்டு. சில மணி நேரத்தில் அது முடிந்துவிடுகின்றது. உலையோ ஆண்டுக்கணக்கில் எரிகின்றது. ஆகவே சூட்டையும் சுமையையும் மாற்றாமல் 25 மணி, 50 மணி எனக் காத்திருந்து ஊர்வை அளக்கும் சோதனையும் வகுக்கப்பட்டது. இரும்பு உருக்காலைகளில் காற்றைச் சூடேற்றும் கோபுரங்கள் முப்பது மீட்டர் உயரம்வரை எழும்புவன. அவற்றின் கற்களைத் தேர்வதற்கு இச்சோதனையே உரைகல்.

சாம்பல் செய்யும் வேலை

செம்பனை ஆலையின் தீ ஆயிரம் பாகையை ஒட்டியது என்றால், 1300 பாகைவரை தளராத தீச்செங்கல் அங்கே ஏன் கெடவேண்டும்? இவ்வினாவிலேயே தோட்டத்து உலையின் தனித்தன்மை அடங்கியிருக்கின்றது.

செம்பனை மண்ணிலிருந்து பொட்டாசு உப்பை மிகுதியாக உறிஞ்சும் பயிர். அப்பயிருக்குப் பொட்டாசு உரம் அள்ளி அள்ளி இடப்படுவதைத் தோட்டத்தார் அறிவர். நாரையும் ஓட்டையும் எரித்தால் அந்தப் பொட்டாசு சிலிக்காவோடு சேர்ந்து சாம்பலில் நிற்கும். ஒரு பகுதி ஆவியாகிச் சுவரிலும் படியும். அலுமினா, சிலிக்கா என்னும் இரண்டு மட்டுமே இருந்தால் ஏறத்தாழ 1590 பாகைக்குக் கீழே நீர்மம் தோன்றாது. பொட்டாசும் மூன்றாவதாகச் சேர்ந்தால் ஏறத்தாழ 985 பாகையிலேயே நீர்மம் தோன்றத் தொடங்கும். ஆலைத் தீயின் சூடு இந்த எல்லையில்தான் இருக்கின்றது.

கல்லின் முகத்தில் படிந்த சாம்பல் நுண்துளைகளின் வழியே உள்ளே ஊறி, அங்குள்ள கண்ணாடியைப் பெருக்கி, மேலும் இளகச் செய்கின்றது. வாங்கும்போது 1300 பாகைக்கு உறுதியாயிருந்த கல், சில காலத்தில் ஆயிரம் பாகைக்கே தளரும் கல்லாக மாறிவிடுகின்றது. பொட்டாசு அலுமினாவோடும் சிலிக்காவோடும் சேர்ந்து புதிய படிகங்களையும் ஆக்கும். அவை பழைய படிகங்களைவிட அதிக இடம் பிடிப்பதால் கல்லின் முகம் உப்பி, தகடு தகடாக உரியும். எரிதட்டின் மேல் இறுகி நிற்கும் சாம்பற்கட்டியைக் ‘கிளிங்கர்’ என்பர். சுவரோரம் ஒட்டிய கட்டியைக் கம்பியால் இடித்து எடுக்கும்போது கல்லின் முகமும் அதனோடு பெயர்ந்து வருவது, இரண்டும் ஒரே கண்ணாடியால் பிணைந்துவிட்டன என்பதன் சான்று.

இதற்கு மாற்று, அலுமினா மிகுந்த கல். அறுபது விழுக்காடு அலுமினா உள்ள கல்லில் முல்லைட்டு மிகுதி, கண்ணாடி குறைவு. பொட்டாசு அதனைத் தளர்த்தக் காலம் பிடிக்கும். துளை குறைந்த அடர்ந்த கல்லாயின் சாம்பல் உட்புகும் வழியும் குறையும்.

விரிவுக்கு இடம்

சுவரின் சுமை மட்டுமே கல்லின்மேல் ஏறுவதில்லை. கல் தன்னைத்தானே நெருக்கிக்கொள்வதும் உண்டு. ஆயிரம் பாகைக்குச் சூடேறிய தீச்செங்கல் ஏறத்தாழ அரை விழுக்காடு நீளும். மூன்று மீட்டர் நீளச் சுவர் ஒன்றரைச் செண்டிமீட்டர் நீளவேண்டும். இரு பக்கமும் இரும்புச் சட்டம் இறுக்கி நின்றால் அது எங்கே நீளும்? நீளமுடியாத கல்லுக்குள் எழும் தகைவு, பத்து மீட்டர்ச் சுவரின் சுமையைவிடப் பன்மடங்கு பெரிதாகி, கல்லை நொறுக்கும் எல்லையையும் எட்டக்கூடும். விரிவிடைவெளி விடாமல் ‘இறுக்கமாக’ கட்டிய சுவர் உள்நோக்கிப் பிதுங்குவதும், கல் முனைகள் தெறிப்பதும் இதனாலேயே.

இங்கே ஊர்வு ஒருவகையில் நண்பனாகவும் நடந்துகொள்கின்றது. தீயை நோக்கிய முகம் மெல்லத் தளர்ந்து குறுகுவதால் நெருக்கம் தணிகின்றது; கல் பிழைக்கின்றது. ஆனால் அந்த உதவிக்கு விலை உண்டு. நெருப்பு அணைந்து சுவர் ஆறும்போது, குறுகிப்போன முகம் மேலும் சுருங்கும்; பின்பக்கமோ குறுகவில்லை. முகத்தில் இழுவை எழுகின்றது. சுடுமண் அஞ்சுவது இழுவைக்கே. ஆதலின் எரியும்போது நேர்ந்த கேடு, ஆறும்போதே வெடிப்பாக வெளிப்படுகின்றது. அடுத்தமுறை மூட்டும்போது அவ்வெடிப்பில் சாம்பல் புகுந்து அடைத்துக்கொள்ளும். தொடர்ந்து எரியும் உலையைவிட, அடிக்கடி நின்று எரியும் உலை விரைவில் கெடுவதற்குக் காரணம் இதுவே. மெல்ல மூட்டி மெல்ல ஆறவிடும் கொதிகலன்காரரின் பொறுமை, விலையுயர்ந்த கல்லுக்கு நிகரான காப்பு.

கல்லைப் பிணைக்கும் சாந்திலும் இதே அறிவு வேண்டும். பச்சைக் களிமண்ணை மட்டும் குழைத்துப் பூசினால், அது உலர்ந்து சுருங்கி இடைவெளி காட்டும். ஆகவே சுட்ட மண்ணையே பொடித்துப் பச்சை மண்ணோடு கலப்பர். இணைப்பும் மெல்லியதாக இருத்தல் வேண்டும். தடித்த சாந்தே முதலில் தளர்வது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது மெய்தான். ஆனால் உலைக்குள் பச்சை மண்ணும் சுடப்படுகின்றது. சுட்டபின் இரண்டும் ஒட்டுகின்றன.

உமி கலந்த மூசை

இவ்வறிவு மேல்நாட்டுச் சோதனைச் சாலைகளில்தான் பிறந்தது என்று எண்ணவேண்டியதில்லை. கொங்கு நாட்டுக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் பழந்தமிழரின் இரும்புத் தொழிலை வெளிப்படுத்தியுள்ளன. தென்னிந்தியாவின் புகழ்பெற்ற எஃகு, மூசை என்னும் சிறு மண்கலத்துள் இரும்பை அடைத்து நெடுநேரம் கடுந்தீயில் வைத்துப் பெறப்பட்டது. அந்த மூசை உருகாமல் இருந்தால் மட்டும் போதாது; உள்ளே உருகிய எஃகைச் சுமந்துகொண்டு தளராமலும் நிற்கவேண்டும்.

அதற்காகத் தொழிலாளர் களிமண்ணோடு நெல் உமியைக் கலந்தனர். 1990-களின் தொடக்கத்தில் தக்காணத்து மூசைத் துண்டுகளை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தவர்கள், முல்லைட்டு இழைகள் உள்ளே பின்னி நின்று மண்ணை வலுப்படுத்தியிருக்கக் கண்டனர். எரிந்த உமி தன் சிலிக்காவையும் கரியையும் கலத்தின் உடலில் விட்டுச் சென்றிருந்தது. இழை பின்னி வலுவூட்டிய சுடுபொருள் என்று இக்காலத்தார் பெருமையோடு கூறும் வகையைச் சேர்ந்தது அது. முல்லைட்டு என்னும் பெயரை அவர்கள் அறியார். ஆயினும் சுமையோடு தீயில் நிற்கும் கலம் எது, சரியும் கலம் எது என்பதைக் கையால் அறிந்திருந்தனர்.

சொல்லில் தொடங்கும் காப்பு

‘வெப்பந்தாங்கும் கல்’ என்னும் பெயர் பாதி உண்மையையே கூறுகின்றது. எவ்வளவு வெப்பம் என்று மட்டும் கேட்பவர்க்கு உருகுநிலை ஒன்றே விடையாகக் கிடைக்கும்; அவ்விடை அவரை ஏமாற்றவும் கூடும். எவ்வளவு சுமையோடு, எவ்வளவு காலம், எந்தச் சாம்பலின் நடுவே என்னும் மூன்று வினாக்களையும் உடன் கேட்டால்தான் கல்லின் தகுதி விளங்கும். தகைவு, திரிபு, ஊர்வு என்னும் சொற்களைத் தமிழ் வகுப்பிலேயே பொருளுணர்ந்து கற்கும் மாணவன், நாளை ஆலையில் பொறுப்பேற்கும்போது அம்மூன்று வினாக்களையும் தயங்காது கேட்பான்.

சிலாங்கூர் ஆற்றோரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய கைகளே பின்னர் குலை வெட்டின. கொதிகலனுக்கு நாரும் ஓடும் தள்ளின. எரியறையின் சிறு வாயில் வழியே வளைவை நோக்கும் தொழிலாளி, கல் சிவந்து அசையாது நிற்பதையே காண்கின்றார். அசையாமல் நிற்பதுபோல் தோன்றும்போதே அது ஊர்ந்துகொண்டிருக்கின்றது. சென்ற மாதம் நேர்கோடாயிருந்த இணைப்பு இன்று சற்றே வளைந்திருக்குமாயின், விரல் நுழையாதிருந்த இடைவெளியில் இன்று விரல் நுழையுமாயின், அது கல் முன்கூட்டியே சொல்லும் செய்தி. திடீரென்று விழுந்தது என்று கூறப்படும் வளைவும் பெரும்பாலும் நெடுநாள் தளர்ந்த பின்னரே விழுகின்றது. அந்தக் கால் மில்லிமீட்டர்களைக் கணக்கில் வைப்பதே, அதன் கீழ் நிற்கும் மனிதருக்குக் காப்பாகும்.